நந்தகுமாருக்கு வராத இன்டர்வெல்

எங்கள் தகரச் செட்டில் நந்தகுமாரைப் போல எடை தூக்குகிறவன் கிடையாது. அவனைப் போல ஒல்லியானவனும் கிடையாது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் நாங்கள் செய்வது கரண்ட் பியூஸுக்கான பீங்கான் கட்டை. ஈரம் காய்ந்த பீஸ்களைப் பலகை பலகையாகத் தூக்கிச் சூளை டிராலியில் அடுக்குவதும், நெருப்பு மூட்டிக் காவல் இருப்பதும், வெந்ததை இறக்குவதும் அவன் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவன். இப்போது அவன் மகள் தமிழினி எட்டாவது படிக்கிறாள். இத்தனை வருடம் தூக்கியும் அந்தக் கையில் ஒரு பிடி சதை ஏறவில்லை.

நான் ஆராயி. ஈர ஸ்பாஞ்சால் பீஸின் விளிம்பைத் துடைக்கிறவள். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. அதனால் எனக்கு வாய் நீளம் என்று செட்டில் பெயர். நந்தகுமாருக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். முதலாளி கோதண்டபாணி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் வருவான். பக்கத்து ஆள் செய்த தப்புக்குத் திட்டினாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். அவனைப் பார்த்தால் எரிச்சலும் வரும்.

டீ நேரத்தில் எங்களுக்கு இருக்கிற ஒரே பேச்சு சினிமாதான். அதைக் கொண்டுவருகிறவன் முபாஷிர். மங்கலம்பேட்டைக்காரன், எங்கள் சரக்கை ஏற்றிப் போகிற டாடா ஏஸ் வண்டி ஓட்டுகிறவன். படம் வந்த அன்றைக்கே பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. போன பொங்கலுக்கு வந்த ஒரு படத்தைப் பற்றி அவன் சொன்னபோதுதான் இந்தச் சண்டை ஆரம்பித்தது. அதில் ஹீரோ பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவன். பாதிப் படம் வரைக்கும் யார் அறைந்தாலும் வாங்கிக்கொள்கிறான். இன்டர்வெல் முடிந்ததும் ஒரு பாட்டு. மலையடிவாரத்தில் டயரைப் புரட்டுகிறான், மழையில் தண்டால் எடுக்கிறான். பாட்டு முடிவதற்குள் உடம்பு வந்துவிடுகிறது. அப்புறம் லாரி நிறைய வந்தவர்களைத் தனியாளாகப் பந்தாடுகிறான்.

"யாருக்குக் காது குத்துற?" என்றான் பிரஸ் மிஷின் ஓட்டுகிற திருமால். "ஒரு பாட்டுல ஒடம்பு வருமா? அப்படியே வந்தாலும் தைரியம் எங்கேருந்து வரும்?"

"உள்ள இருக்குறதுதான்டா வெளிய வருது" என்றான் முபாஷிர். "சூளைக்குள்ள போறப்ப மண்ணு, வர்றப்ப கல்லு. நீ தெனம் பாக்குறதுதானே?"

"ஈரத்துல கோணிப்போன பீஸ நிமுத்தி வச்சா என்னாவுது? நேராத்தான் நிக்குது. சூளையில போயி மறுபடி அதே பக்கம் கோணிக்குது. அதையும் தெனம் பாக்குறேன்."

நந்தகுமார் கிளாஸைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "டயரு தூக்குனா ஒடம்பு வரும்னா, நான் தூக்குனதுக்கு எனக்கு எப்பவோ வந்திருக்கணும்ணே." எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

அன்றிலிருந்து அந்தச் சண்டைக்கு அவன்தான் உதாரணம். "நம்ம நந்தகுமாரு ஒருநாள் மொதலாளிய எதுத்துப் பேசுவானா? பேசுனா நான் ஒத்துக்குறேன், சினிமா உண்மைன்னு" என்பான் திருமால். "பேசுவாரு, பாத்துக்கிட்டே இரு. எங்கண்ணனுக்கு இன்னும் இன்டர்வெல் வரல, அவ்ளோதான்" என்பான் முபாஷிர். தன்னைப் பற்றி இவர்கள் அடித்துக்கொள்வதை, வேறு யாரையோ பற்றிய பேச்சைப் போல நந்தகுமார் கேட்டுக்கொண்டிருப்பான்.

சித்திரையில் அந்த இன்டர்வெல் வந்தது. முபாஷிரின் மாமா ஓமானில் டைல்ஸ் கம்பெனியில் இருக்கிறார். சூளை தெரிந்த ஆள் வேண்டுமாம். கம்பெனி ஆள் சென்னைக்கு வந்து ஒரே ஒரு நாள் நேரில் பார்த்து ஆள் எடுப்பாராம். கேட்டதும் நந்தகுமார் சரி என்றான். நான் துடைத்துக்கொண்டிருந்த பீஸைக் கீழே போட்டுவிட்டேன். அவன் எதற்கும் சரி என்கிறவன்தான். ஆனால் அன்றைக்கு யாரும் கேட்காமலே இரண்டாம் முறையும் சொன்னான். "போறேங்க்கா. ஒரு தடவ இந்த செட்ட வுட்டு வெளிய போயிப் பாக்கணும். இங்க நிக்க நிக்க நெஞ்சு அடைக்குது."

வீட்டில் பெரிய தடை என்று ஒன்றும் இல்லை. பெண்டாட்டி காவியா தன் அண்ணனிடமிருந்து பெட்டி வாங்கி வைத்துவிட்டாள். அப்பா ராஜாங்கம்தான் வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவருக்கு மகன் கையால் ஊட்டினால்தான் இறங்கும். வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். "பசிச்சா சாப்புடுவாரு, நான் பாத்துக்குறேன், நீங்க போங்க" என்று காவியா சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட் வந்தது. டீ நேரத்தில் நந்தகுமார் மற்றவர்களோடு சேர்ந்து வாதாடவே ஆரம்பித்தான். மனுஷன் மாறுவான் என்ற கட்சியில் சேர்ந்துகொண்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருமால்கூட வாயை மூடிக்கொண்டான்.

ஒரே ஒரு குறை. செட்டில் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போய், மறுநாள் ஆள் எடுப்புக்காகச் சென்னைக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில்தான் சொல்ல வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. முபாஷிர் அவனைப் பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காக வாசல் கேட்டுக்கு வெளியே வண்டியில் காத்திருந்தான்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. சூளையை மூடியதும் அதற்குக் கற்பூரம் காட்டித்தான் பர்னரைப் பற்ற வைப்போம். காட்டுகிறவன் நெருப்பை அணைத்து இறக்குகிற வரைக்கும் செட்டை விட்டுப் போகக் கூடாது. போனால் அத்தனை பீஸும் வெடித்துப்போகும் என்று நம்பிக்கை. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஆகும். பெண்கள் அந்தத் தட்டைத் தொடவே கூடாது. அன்றைக்குச் சூளையை ஏற்றி மூடியாகிவிட்டது, கற்பூரமும் எரிந்துகொண்டிருந்தது. முதலாளி தட்டோடு நின்றிருந்தார்.

"வா வா, ஒனக்குத்தான் நிக்குறேன். ஏன்டா இவ்ளோ நேரம்?" என்று தட்டை நீட்டினார்.

நந்தகுமாரின் கை போய் வாங்கிக்கொண்டது. அவன் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடமும் யார் தட்டை நீட்டினாலும் வாங்கிய கை அது. வாங்கிய பிறகுதான் அவன் முகம் மாறியது. தட்டையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். வெளியே முபாஷிர் ஹாரன் அடித்தான். திருமால் பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. ஸ்பாஞ்சை எறிந்துவிட்டுப் போய் அவன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினேன். சூளைக்கு மூன்று சுற்று காட்டினேன்.

"ஏய் ஆராயி! பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு?" முதலாளி கத்தினார்.

"நான்தான் காட்டிட்டேன், நானே இருக்குறேன். பர்னரு திருமாலு பாத்துப்பான், அவனுக்குத் தெரியும். டேய் நந்தகுமாரு, நீ கெளம்பு."

"எங்க கெளம்புறான்?" முதலாளி அவன் பக்கம் திரும்பினார். "எங்கடா போற? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே?"

திட்டுகிற குரலில்கூட அவர் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டார். வழி திறந்து கிடந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். முதலாளி கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எங்கயும் இல்லைங்க" என்றான் நந்தகுமார்.

பெண் காட்டியது கணக்கில் சேராது என்று முதலாளி வேறு கற்பூரம் எடுத்து வரச் சொன்னார். மறுபடியும் அவன் கையில் கொடுத்தார். அவன் காட்டினான், பர்னரைப் பற்ற வைத்தான். ஹாரன் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. சூளைப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான். நான் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மானம் இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கே தட்டைப் பிடுங்க முடிந்ததே, ஆம்பளை உனக்கு நாக்கு எங்கே போனது என்று கேட்டேன். வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"காலையில அப்பாவுக்கு ஊட்டிட்டுத்தாங்க்கா வந்தேன்" என்றான். "நான் போறது அவருக்குத் தெரிஞ்சிருக்குது. பேச்சு வராது இல்ல, நல்லா இருக்குற கையால சட்டையப் புடிச்சுக்கிட்டாரு. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன்."

"அதுக்கு? காவியா பாத்துக்க மாட்டாளா?"

"பாத்துப்பா. இவனுங்க தெனம் சண்ட போடுறானுங்களேக்கா, ஹீரோ எப்பிடி மாறுறான், அது நடக்குமா நடக்காதான்னு. ஒண்ண மட்டும் யாரும் பேச மாட்றானுங்க. அவன் மாறுறதுக்கு முன்னாடி அவன் வூட்டுல எல்லாரையும் கொன்னுடுறாங்க. அப்பன், ஆத்தா, தங்கச்சி, கட்டிக்கப்போறவ, ஒருத்தர வுடுறது இல்ல. அதுக்கப்புறம் அவன் எங்க வேணா போவலாம், யார வேணா அடிக்கலாம். திரும்பிப் பாக்க ஆளு இல்ல." சட்டையில் கசங்கியிருந்த இடத்தை நீவிவிட்டுக்கொண்டான். "எனக்கு எல்லாரும் உசுரோட இருக்குறாங்கக்கா."

பர்னரில் காற்றைக் குறைக்க நேரமாகிவிட்டது என்று அவன் எழுந்து போனான்.