ஸ்லோ என்றால் அடி

கணேஷ்ராம் என் தங்கச்சியை முதன்முதலில் அடித்தது ஸ்வீடனில் அல்ல. திருநெல்வேலி டவுணில், எங்கள் வீட்டு மாடியில், மறுவீட்டுக்கு வந்திருந்தபோது. மாப்பிள்ளை குளியலறை வாசலில் வழுக்கி விழப் பார்த்தார்; விஜயஸ்ரீ சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். பளாரென்ற சத்தம் கீழே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்டது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டது. அப்பா பேப்பரைப் புரட்டினார். நான் படியேறப் போனேன்.

"சித்ரா, இங்கன வா. புருஷன் பொஞ்சாதிக்குள்ள நீ போவாத" என்றார்.

எங்கள் அப்பா சிவசண்முகம் தாசில்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் வந்தால் எழுந்து நின்றே பழகியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கன்னத்தில் விரல் பதிந்த மகள் கீழே வந்து இட்லி பரிமாறினாள். அப்பா இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்னியை யார் தலையிலாவது கவிழ்த்திருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாசமே கணேஷ்ராம் அவளை ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இனி அவனுக்கு என்ன மரியாதை, 'அவன்'தான். அங்கே ஒரு கம்பெனியில் இஞ்சினியர். வெளிப்பார்வைக்குத் தங்கம். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, வெள்ளிக்கிழமை விரதம். அந்த ஊர்க் குளிரும் அவனுக்குத் தோதாகப் போயிற்று. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிக்கொண்டு திரிகிற ஊரில், எங்கே அடித்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? பெல்ட்டால் முதுகில் அடிப்பான். குழம்பில் உப்பு கூடினால் தொடையைக் கிள்ளித் திருகுவான். ஒரு தடவை தோசைக்கல்லைச் சூட்டோடு தூக்கி அவள் காலில் போட்டான். சுண்டுவிரல் நகம் பிய்ந்துவிட்டது. முகத்தில் மட்டும் கை வைக்க மாட்டான். பாவி, அதிலும் ஒரு கணக்கு. இதெல்லாம் விஜி பிற்பாடு சொன்னது. அப்போது போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்க்கா" என்பாள்.

ஸ்வீடிஷ் வகுப்புக்கு அவனேதான் அனுப்பினான். பாஷை தெரிந்தால் அவளுக்கும் வேலை கிடைக்கும், வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வரும் என்று. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக நடத்தும் வகுப்பு. டீச்சர் பெயர் பிர்கிட்டா, அறுபது வயசு. அங்கே டீச்சரானாலும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். விஜிக்கு நாக்கு எழவில்லை. கடைசிவரை "பிர்கிட்டா டீச்சர்"தான். அந்த வகுப்பைப் பற்றிப் பேசும்போதுதான் போனில் என் பழைய தங்கச்சியின் குரல் கேட்கும்.

"எக்கா, இவங்க ஆமான்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. சரக்குன்னு மூச்ச உள்ள இழுப்பாங்க, அதான் ஆமா. மொத நாளு டீச்சருக்கு இளைப்பு வந்துட்டுன்னு நான் தண்ணி எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். அப்புறம் இவங்க பாஷையில ஏழுன்னு சொல்லுததுக்குள்ள உயிரு போவுது. அடுப்பு ஊதுத மாதிரி ஊதணும்."

"ஏட்டி, ழகரம் சொல்லுத வாய்க்கு அது வரலியாக்கும்?"

"நீ வந்து ஊதிப் பாரு, தெரியும்!"

இன்னொரு நாள் 'ஸ்லோ' என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்லோ என்றால் அடி. ஆனால் டிவி போடுவதற்கும் ஸ்லோ, அகராதியில் சொல் தேடுவதற்கும் ஸ்லோ, போன் அடிப்பதற்கும் ஸ்லோ. "நம்ம ஊரேதான்க்கா! நம்மளும் பெல் அடிக்கோம், வெள்ளை அடிக்கோம், மொட்டை அடிக்கோம், வெயிலு கூட அடிக்கி" என்று அப்படிச் சிரித்தாள்.

அந்தச் சொல்தான் அவளைக் காட்டிக் கொடுத்தது. உங்கள் ஒருநாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பிர்கிட்டா டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பியிருக்கிறாள். வீட்டுக்காரர் மத்தியானம் எனக்குப் போன் அடிப்பார் என்று சொல்ல நினைத்தாள் விஜி. நாம் "எனக்கு அப்புறமா அடிங்க" என்றாலே போன் என்று புரிந்துவிடும் இல்லையா, அதே பழக்கத்தில் போனை விட்டுவிட்டாள். "மின் மான் ஸ்லோர் மெய்" என்றாள். என் புருஷன் என்னை அடிக்கிறான்.

டீச்சர் பக்கத்தில் வந்து, பைய, காதோரம் கையை வைத்துக் காட்டி, போன் பண்ணுகிறாரா என்று கேட்டாள். விஜிக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. தப்பாய்ச் சொன்னது அத்தனையும் நிஜம். சிரித்துக்கொண்டே அவளும் காதோரம் கையை வைத்துக் காட்டினாள். போன்தான், போன்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் இதை அவனிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். அவனும் சிரிப்பான் என்று நினைத்தாளாம். பைத்தியக்காரி! அத்தனை அடிக்குப் பிறகும் அவனை மனுஷனென்றே நினைத்திருக்கிறாள்.

"என்னப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லுதியோ?" என்று தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துச் சமையலறை மேடையில் முகத்தை மோதினான். உதடு கிழிந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் கை மேலேயே கதவை அறைந்து சாத்தினான். இரண்டு விரல் ஒடிந்தது. அவள் கத்தக் கத்த, கதவை இன்னொரு தடவை திறந்து சாத்தினான்.

மறுநாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நேரே வகுப்புக்குப் போய்விட்டாள். உட்காரவில்லை. எல்லோர் முன்னாலும் நின்று, "மின் மான் ஸ்லோர் மெய்" என்றாள். பிர்கிட்டா டீச்சர் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். விஜி இல்லை என்று தலையை ஆட்டினாள். அன்றைக்கே போலீஸ் அவனை ஆபீஸில் வைத்துப் பிடித்துக்கொண்டு போயிற்று.

இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அப்பா குமரகுருபரன் மருமகன்கள் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு என்றார். அங்கே அரசாங்கமே நடத்துகிற கேஸ், அவளால் வாங்க முடியாது என்றேன். "அது எனக்கும் தெரியும். வக்கீல் வழி சொல்லியிருக்காரு. விஜயஸ்ரீயக் கூப்பிடு" என்றார். போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏம்மா, கோர்ட்டுல ஒரே வார்த்தை சொன்னாப் போதும். பாஷை தெரியாம மாத்திச் சொல்லிட்டேன், போன் அடிக்கதத்தான் சொன்னேன்னு சொல்லு. விரலு கதவுல தானா மாட்டிச்சுன்னு சொல்லு. என் மவன் வெளிய வந்துருவான்."

அப்பாவும் போன் பக்கம் குனிந்தார். "சொல்லிரும்மா விஜி. குடும்பம்."

"மாட்டேம்ப்பா" என்றாள் விஜி.

"என்னவே பிள்ள வளத்திருக்கீரு!" என்று குமரகுருபரன் எழுந்தார். எழுந்த வேகத்தில் எங்கள் அப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் விழுந்தது. கையில் அகப்பட்ட பித்தளைச் செம்பை நான் வீசினேன். குமரகுருபரன் புருவம் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். மருமகன்களில் ஒருத்தன் என் முடியைப் பிடித்துத் தரையில் தள்ளி வயிற்றில் மிதித்தான். அம்மா போட்ட கூச்சலில் தெருவே உள்ளே வந்துவிட்டது. அதன் பிறகுதான் போனார்கள்.

போன் தரையில் கிடந்து, "எப்பா, எப்பா" என்று கதறிக்கொண்டிருந்தது. அப்பா தவழ்ந்து போய் எடுத்தார். எழுபத்திரண்டு வயசில், அவர் மேல் இன்னொருத்தன் கை பட்டது அன்றைக்குத்தான். கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"விஜி" என்றார். "அடிச்சா இப்படியாம்மா வலிக்கும்?"

அவள், "பழகிரும்ப்பா" என்றாள்.

அப்பா வாய்விட்டு அழுதார். நாங்கள் யாரும் அவர் அழுது பார்த்ததில்லை. "பழகப்படாது தாயி. கோர்ட்டுல உள்ளதச் சொல்லு" என்றார்.

சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று ஸ்வீடிஷிலேயே சொன்னாள். போனைத்தானே சொன்னீர்கள் என்று அவன் வக்கீல் மடக்கினாராம். "முதல் நாள் போனைச் சொன்னேன். மறுநாள் அடியைச் சொன்னேன். இரண்டும் எனக்குத் தெரியும்" என்றாளாம். கணேஷ்ராமை உள்ளே வைத்துவிட்டார்கள்.