செல்லத்துரை அண்ணையின் பிக்அப் நின்ற வெள்ளிக்கிழமைகள்

ஒரு விடுகதை. ஒருவர் ஏறி இருந்தால் அசையாது. ஆறு பேர் இறங்கித் தள்ளினால் ஓடும். அது என்ன?

பழைய பிக்அப் என்று சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் நீங்களும் எப்போதோ தள்ளியவர்தான். தயங்காமல் மேலே படியுங்கள். மெக்கானிக் வேலையில் வண்டியைத் திருத்துவது பாதி, அது எதனால் திருந்தியது என்று அறிவது மறுபாதி. அறுபதுகளின் கடைசியில் சுன்னாகத்தில் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருந்தேன். முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு நான் அங்கே ஐந்து வாரம் பெருமையடித்த கதை இது.

நாலு பிளக்

ஏழாலையில் வெங்காயமும் மரக்கறியும் பயிர்செய்துவந்தவர் செல்லத்துரை அண்ணை. மாட்டுவண்டியை விட்டுவிட்டு அவர் ஒரு பழைய பிக்அப் வாங்கினார். வாங்கச் சொன்னவன் நான். எஞ்சினை ஓடவிட்டு, முன்பக்கப் பொனற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றேன். அவர் அதைச் சுன்னாகம் சந்தை முழுவதும் சொல்லிவைத்தார்.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, சந்தைக்கு வரும் வழியில் எஞ்சின் நடுங்கி, இருமி, ஓய்ந்துவிட்டது. முன்னால் ஹாண்டிலைப் போட்டு எவ்வளவு சுழற்றியும் எழும்பவில்லை என்று ஒரு ஆள் வந்து சொன்னார். சைக்கிளில் போனேன். முதல் வேலை, பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்பது. பெற்றோல் முள் செத்துப்போன வண்டி. தொட்டி மூடியைக் கழற்றி, தென்னை ஈர்க்கு விட்டுத்தான் பார்க்கவேண்டும். நான் துப்புரவான ஆள். உள்ளே அழுக்கு விழக்கூடாதென்று மூடியைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டே திறப்பேன். பெற்றோல் இருந்தது. நாலு பிளக்கையும் கழற்றிக் கரி போக்கிப் பூட்டினேன். ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினேன், எழும்பிவிட்டது. பிளக்தான் என்று டாக்டர்மாரின் குரலில் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிக்அப் மறுபடி நின்றது. செல்லத்துரை அண்ணை கோபப்படவில்லை. "தம்பி, நீர் துடைச்ச பிளக் நல்லா மினுங்குது. வண்டிதான் நிக்குது," என்றார்.

தேத்தண்ணிச் சோதனை

இம்முறை மூடியைத் துடைத்து, ஈர்க்கு விட்டுப் பார்த்தபின், காபரேற்றரைக் குற்றவாளியாக்கினேன். கழற்றி, கழுவி, ஊதிப் பூட்டினேன். திருகாணியைக் கால் சுற்று இந்தப் பக்கம், அரைக்கால் சுற்று அந்தப் பக்கம் என்று காதால் கேட்டுக் கேட்டுத் திருகினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விளிம்பு முட்டத் தேத்தண்ணி நிறைத்த கிளாஸ் ஒன்றை மட்கார்டின் மேல் வைத்தேன். ஒரு துளி சிந்தவில்லை. தெருவில் போனவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் ரயில் கடவையில் நின்றது. அன்றும் வெள்ளி. வெள்ளியில் மட்டும் நிற்பதை நான் கவனிக்காமலில்லை. அன்றைக்குப் பாரம் கூட என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். நான் குனிந்து மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கத்தரிக்காய் ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கி வந்தார். தேத்தண்ணிச் சோதனையைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

"என்னட்டைக் கயிறு இருக்கு, கட்டட்டோ? மாடு ரெண்டும் சும்மாதானே நிக்குது," என்றார்.

கீரிமலைப் பயணம்

அன்று பிளக்குக்குப் பொறி அனுப்பும் பொயின்ற்றைத் தீட்டினேன். அடுத்த வாரம் கொயிலை மாற்றினேன். அதற்கடுத்த வாரம் பெற்றோல் பம்பைப் பிரித்துப் பூட்டினேன். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வண்டி உடனே எழும்பியது. ஒவ்வொரு வேலையும் அடுத்த வெள்ளி வரையில்தான் தாங்கியது. இரண்டு தரம் வியாபாரிகள் போனபின் சந்தைக்கு வந்து, வெங்காயத்தை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார் செல்லத்துரை அண்ணை.

பிறகு ஒருநாள் அமைதியாகச் சொன்னார்: வல்வெட்டித்துறை மீன் வியாபாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருகிறார், அதற்குள் இன்னொரு தரம் நின்றால், அவரிடம் கொடுத்துவிட்டு மாட்டுவண்டிக்கே திரும்பிவிடுவது. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தப் பிக்அப் விலைப்பட்டால், அதன்பின் சுன்னாகத்தில் எவர் என்னைப் பொனற்றில் காது வைக்க விடுவார்?

அந்த வெள்ளி அவர்கள் குடும்பமாகக் கீரிமலைக் கேணிக்குக் குளிக்கப் போனார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லி முன்னால் ஏறிக்கொண்டேன். அவருடைய மனைவியும் ஏழு வயது மகள் பவானியும் பின்னால் இருந்தார்கள். தெல்லிப்பழை தாண்டியதும் எஞ்சின் நடுங்கியது, இருமியது, நின்றது. அண்ணை ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் இறங்கி, பழக்கப்படி துணியோடு மூடிக்குப் போனேன். மேலேயிருந்து பவானி எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"மாமா, அதை அழிக்காதேங்கோ. நான் வெள்ளிக்கு வெள்ளி வைக்கிறன், நீங்கள் வெள்ளிக்கு வெள்ளி அழிக்கிறியள்."

வண்டியின் நெற்றி

மூடியின் நட்டநடுவில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, அதன்மேல் குங்குமம். ஐந்து வாரமாக அதைத்தான் நான் காய்ந்த சேறு என்று துடைத்து வந்திருக்கிறேன். நவராத்திரிக்குத் தகப்பன் வண்டிக்குச் சந்தனம் பூசியதைப் பார்த்தவள், அதன்பின் வெள்ளிதோறும் தானே வைத்து வந்தாள். மூடி அவளுடைய உயரத்தில் இருந்தது. வட்டமாக, நடுவில் சின்னக் குழியோடு இருந்தது. அதுதான் வண்டியின் நெற்றி என்று அவள் முடிவுசெய்துவிட்டாள்.

அந்தக் குழிக்குள் ஊசிக்கண் அளவில் ஒரு துளை உண்டு. போத்தலின் வாயை உதட்டால் முற்றாக அடைத்துக்கொண்டு சோடா குடித்துப் பாருங்கள். இரண்டு மிடறுக்குமேல் வராது. காற்று உள்ளே போனால்தான் சோடா வெளியே வரும். பெற்றோல் தொட்டியும் அப்படித்தான். காற்றுப் போக வைத்த துளையைச் சந்தனம் அடைத்தால், எஞ்சினுக்குப் பெற்றோல் வராது. மூடியைத் திறந்தால் காற்றுப் போகும், வண்டி சுகமாகும். ஆக, ஒவ்வொரு வாரமும் வண்டியைத் திருத்தியது என் துணி. பிளக், காபரேற்றர், பொயின்ற், கொயில், பம்ப் எல்லாவற்றையும் நான் சும்மா தொந்தரவு செய்திருக்கிறேன்.

மூடியைத் துடைக்காமல் மெல்லத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பவானியிடம் கேட்டுக்கொண்டு, துளையை மட்டும் ஒரு ஊசியால் குத்தி விட்டேன். கீரிமலைக்குப் போய்த் திரும்பும்வரை பிக்அப் ஓரிடத்திலும் நிற்கவில்லை. நடந்ததை அண்ணையிடம் சொன்னேன். அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரி வந்தார். ஹாண்டில் ஒரு சுற்றில் எஞ்சின் எழும்பியது. சீராக நின்று ஓடியது. இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று அவர் கேட்க, செல்லத்துரை அண்ணை ஒரு பிளக்கையும் விடாமல் முழுக் கதையையும் சொன்னார். வியாபாரி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"அப்ப வண்டியிலை பிழையில்லை, அண்ணை. மெக்கானிக்கை வித்துப்போட்டு வண்டியை வைச்சிருங்கோ," என்றார்.

அண்ணை அறிவுரையின் பின்பாதியை ஏற்றுக்கொண்டார். அடுத்த வெள்ளி காலை நான் ஏழாலைக்குப் போய், மூடியைத் தவிர எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைக்கலாம் என்று பவானியிடம் சொன்னேன். பொனற், கதவு, விளக்குகள் எல்லாவற்றையும் காட்டினேன். அவள் விரல் நுனியில் சந்தனத்தோடு பிக்அப்பை இரண்டு தரம் சுற்றி வந்து, பொட்டை என்னுடைய ஸ்பானர் பெட்டியில் வைத்தாள்.