கவிழ்த்து வைத்த அட்டை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் டி.வி. பார்க்க முடியாது. அன்றைக்கு டி.வி.டி. பிளேயரும், அப்பா அதற்கென்று வாங்கிச் சேர்த்திருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் தெருக்கூத்துக்குச் சொந்தம்.

சாப்பாடு முடிந்த கையோடு பெரியப்பா கழனியிலிருந்து ஈரத் துண்டோடு வந்துவிடுவார். எங்கள் பக்கத்து ஆரணிக்கும் பொன்னேரிக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டிய மாமா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வருவார். அப்பா அதற்கு முன்பே பாயை விரித்திருப்பார். மூன்று பேரும் அந்த வாரம் பஜாரில் வாங்கிய சி.டி.க்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஏதோ நகையை எடுப்பதுபோல் பாயின்மேல் வைப்பார்கள். ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் கூத்தை யாராவது பதிவு செய்திருப்பார்கள். கடைக்காரர்கள் அதை நகலெடுத்து, ஒரு அட்டையைச் சொருகி விற்பார்கள். படம் இருக்காது. குரல் மட்டும்தான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சி.டி.யை வாங்கியவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். பாட்டைக் கேட்டு, எந்த ஜமா, யார் வேஷம் என்று மற்ற இருவரும் சொல்ல வேண்டும். கூத்துக் குழுவுக்கு எங்கள் பக்கத்தில் ஜமா என்று பெயர். பெரியப்பா பாதிக்குப் பாதி தப்பாகச் சொல்வார். அப்பாவுக்கு ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வாசிப்பவர் யாரென்று சொல்லிவிடுவார்.

இத்தனைக்கும் அவர் வேலை செய்தது கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில். அங்கே இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கை ஜாடையில்தான் பேச வேண்டும். அப்பா வேலைக்குப் போகும்போது இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொள்வார். “ஆறு நாளு மூடி வெச்சிக்கினு ஏழாவது நாளு தொறக்கறேன். அதான் துருப் புடிக்கல” என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துப் போடுவார். அதை வரைவார் என்று சொல்வதே சரி. பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் அதுவும் வராது; அட்டையில் என்ன இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லித்தான் தெரியும், கவிழ்த்து வைப்பது வெறும் விதிக்காக. கரண்ட் பில், மாத்திரை அட்டையில் இருக்கும் தேதி, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்த வருடம் பள்ளியில் காலைப் பிரார்த்தனையின்போது செய்தித்தாளைப் படிக்கும் வேலையும் எனக்குக் கிடைத்திருந்தது. நான் சொல்வதற்கு முன்பே அது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொன்னது யார் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு எந்த ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை ஊரார் இவர்கள் மூவரிடமும் விட்டிருந்தார்கள். போட்டி இரண்டே பேருக்கு இடையில். பெரிய ராணி, சின்ன ராணி. இருவருமே ஆண்கள், ராணி வேஷம் கட்டுவதில் பேர் வாங்கியவர்கள். பெரியவரிடம் பாடம் கேட்டவர்தான் சின்னவர். பிறகு பிரிந்துபோய்த் தனி ஜமா வைத்துக்கொண்டார். பெரிய ராணிக்குத் தொண்டை போய்விட்டது என்று அந்த வருடம் ஒரு பேச்சு கிளம்பி, இரண்டு மூன்று ஊர்களில் அவரைக் கூப்பிடவில்லை. எங்கள் ஊரும் கைவிட்டால் அந்த வருடம் அவருக்கு ஆட்டமே இல்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா தன் புது சி.டி.யைப் போட்டார். அட்டையைக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிள்ளையைப் பறிகொடுத்த ராணி அழுது பாடும் இடம். குரல் கீழே முனகலாகத் தொடங்கி, ஒரே மூச்சில் மேலே ஏறியது. கண்ணை மூடியிருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பெரிய ராணிதாண்ணா! தோ பாரு, மூச்சு உடாம எப்டி ஏறாரு பாரு. இந்தத் தொண்டையா பூட்ச்சின்னு சொல்லிக்கினு திரியறானுங்க?”

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “மாட்டிக்கினியா மாமா! இது சின்ன ராணி. கடக்காரனே சொல்லித்தான் குட்தான்.”

“கடக்காரன் ஆயிரம் சொல்லுவான். இது பெரியவருதான், போன மாசம் பாடனது. அன்னிக்கி ஆர்மோனியக்காரன்கூட நடுவுல ஒரு எடத்துல உட்டுட்டு...”

“இன்னா மாமா, நேர்ல குந்திக்கினு கேட்டா மாதிரி பேசற?”

அப்பா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “காது சொல்து, நான் சொல்றேன்” என்றார்.

“எதுக்குடா பேஜாரு?” என்றார் பெரியப்பா. “ஊட்ல படிச்ச புள்ள கீது. பாப்பா, வா இங்க. அட்டைல இன்னா போட்டுக்குதுன்னு படி.”

நான் பாவாடையைச் சரி செய்துகொண்டு போனேன். மாமா அட்டையை நீட்டினார். பிரார்த்தனையில் செய்தி படிக்கும்போது நிற்பதுபோலக் காலைச் சேர்த்து வைத்து நின்றுகொண்டு, உரக்கப் படித்தேன். ஜமாவின் பெயர், ஊர், கடைசியில் ராணி வேஷம் கட்டியவரின் பெயர். சின்ன ராணியின் சொந்தப் பெயர்தான், இனிஷியலோடு அச்சாகியிருந்தது.

“நல்லா பாத்தியாம்மா?” என்றார் அப்பா.

“அச்சுல போட்டிருக்குப்பா.”

“இல்லம்மா, இன்னொரு தபா...”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. “வேணும்னா நீயே படிச்சுப் பாரு” என்று அட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். என்ன சத்தம் என்று பார்க்க அம்மா கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். ராணி இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் பிளேயரை நிறுத்தினார்.

“அச்சுல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும். மில்லுல கெடந்து கெடந்து என் காதுதான் பூட்ச்சி.”

“அப்ப சின்ன ராணிக்கே வெத்தல பாக்கு வெச்சிட்லாம்” என்றார் பெரியப்பா. அப்பா மறுக்கவில்லை. சாயங்காலம் எனக்கு ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கிவந்து கொடுத்து, வீட்டில் இருந்த எல்லா சி.டி.க்களின் மேலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி வைக்கச் சொன்னார். மாமா மறந்து விட்டுப்போன அந்த சி.டி.யின் மேலும் எழுதினேன்.

திருவிழாவுக்குச் சின்ன ராணி வந்தார். நன்றாகவே ஆடினார் என்றார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அதற்குப் பிறகும் நடந்தது. ஆனால் அப்பா முதலில் வாயைத் திறப்பதில்லை. “பாப்பா படிக்கட்டும்” என்பார். மாமா கொஞ்ச நாள் அவரைச் செவிட்டு மாமா என்று கூப்பிட்டார். அப்பாவும் அதற்கு “ஆங்?” என்று காதில் கையை வைத்துக் காட்டிச் சிரிப்பார்.

இப்போது நான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கண்டெய்னருக்குள் இருப்பதும் காகிதத்தில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கும் பிரிவு. காகிதத்தில் பொம்மை என்று இருக்கும். திறந்தால் பீங்கான் தட்டு அடுக்கியிருக்கும். முதல் மாதம் ஆச்சரியப்பட்டேன். இப்போது படுவதில்லை.

டி.வி.டி. பிளேயர் கெட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. போகிக்கு வீட்டை ஒழித்தபோது அந்தச் சி.டி.க்கள் கிடைத்தன. அப்பாவின் போனில் போட்டுத் தரலாம் என்று தோழியின் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் நகலெடுத்தேன். போன மாதம் ஒரு காலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் ஆபீஸ் வேன் நகராமல் நின்றபோது, காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த ராணி வந்தாள். குரல் ஏறியது. அப்பா நிறுத்திய இடம் வந்தது. அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை.

இரண்டு நிமிடம் போயிருக்கும். பாட்டு முடிந்து தாளம் நின்றது. கூத்தில் வேடிக்கை பேசுகிற கட்டியங்காரன்தான் பார்க்க வந்தவர்கள் கொடுக்கும் அன்பளிப்பையும் கூவிச் சொல்வார். அவர் குரல் கேட்டது.

“கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில வேலை பாக்குற அண்ணன், தன்னோட மகள் பள்ளிக்கூடத்துல நூறு பேருக்கு முன்னால நின்னு பேப்பர் படிச்ச சந்தோஷத்துல, நம்ம பெரிய ராணி வாத்தியாருக்கு...”

அதைத் தொடர்ந்து அப்பாவின் பெயர். அதன் பின் என் பெயர். கூட்டம் கைதட்டியது. பெரிய ராணி என் பெயரை ஒரு முறை ராகம் போட்டுப் பாடி வாழ்த்தினார்.

அன்று மாலை வீட்டில் அதைப் போட்டுக் காட்டினேன். அம்மாதான் முதலில் பேசினாள். “அன்னிக்கி, போன மாசம் பாடனதுன்னாரே, அப்ப இந்த ஆளு நைட் ஷிப்டுன்னு சொல்லிக்கினு இல்ல போனாரு!”

“அதுக்குத்தாண்டி நிறுத்தனேன்” என்றார் அப்பா. “கட்டியங்காரன் என் பேரச் சொல்ற நேரத்துக்குச் சரியா நீ வந்து நின்ன. உட்டுக்குனு இருந்தா அன்னிக்கி எனுக்கு சோறு கெடச்சிருக்குமா?”

அம்மா அதை நம்பிவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் சி.டி.யை நிறுத்திவிட்டு, அம்மா அடுப்படிக்குத் திரும்பிய பிறகு மாமாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது.

“பெரிய ராணி அப்புறம் என்ன ஆனாருப்பா?” என்றேன்.

அப்பா போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “அந்த வருஷத்தோட வேஷத்த கழட்டிட்டாரு. அடுத்த வருஷம் கூப்ட்டுக்கலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நீ அப்ப கொழந்தம்மா. அட்டைல இருந்தத படிச்ச. ஒரு எழுத்து தப்பு உடல” என்றார்.

அந்த சி.டி. இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது. சிவப்பு மையில் தப்பான பெயர், ஒன்பது வயதுக் கையெழுத்தில், இன்னும் மங்காமல்.

அன்று அப்பா நிறுத்தப் போனபோது, கையில் அட்டையோடு நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவருடைய விரல் பொத்தானின் மேல் ஒரு நொடி தயங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. பாவம் அப்பா, படித்திருந்தால் இப்படித் தோற்றிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.