மாந்தோப்பு நாயின் பெயர்

போன கோடையில், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது, ராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஒரு தட்டு. அதுவரை ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்கவில்லை. "இருமுறதுன்னா வெளிய போயி இருமு" என்றார் சூப்பர்வைசர். வெளியே போனேன், திரும்பி வரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் வேலைகள் எல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மெயின் ரோட்டில் நிழலே இல்லாததால் மலையோரத் தோப்புகளின் வழியாகப் போனேன். ஒரு மாந்தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நல்ல தாகம். கேட் பூட்டாமல் சாத்தியிருந்தது. தண்ணீர் குடிக்க யாரைக் கேட்பது என்று உள்ளே போய்விட்டேன்.

ராஜபாளையம் நாய் குரைத்து ஊரைக் கூட்டாது. சத்தமில்லாமல் வந்து முன்னால் நிற்கும். வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, என் இடுப்பு உயரம். நான் பையை அதன் மேல் எறிந்துவிட்டு, மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியின் சுவரில் ஏறி, அங்கிருந்து மோட்டார் ரூம் கூரைக்குத் தாவினேன். தட்டு உருண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. கூரை காங்கிரீட். உட்கார முடியாத சூடு. காலை மாற்றி மாற்றி வைத்து நின்றேன். கீழே தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நாய் முன்னங்கால்களைச் சுவரில் வைத்து அண்ணாந்து பார்த்தபடி இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்த வழியாகப் போன ஒரு ஸ்கூட்டர் கேட்டுக்கு வெளியே நின்றது. கல்லூரிப் பெண். அவள் என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், சிரித்தாள்.

"பயப்படாதீங்கண்ணே. இது எனக்குத் தெரிஞ்ச நாய்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடும்."

கேட்டைத் தள்ளிக்கொண்டு தைரியமாக உள்ளே வந்தாள். "மணி! மணிக்கண்ணா! இங்க வா!"

நாய் திரும்பியது. கூப்பிட்டதற்காக வருகிற மாதிரி அது வரவில்லை. காது பின்னால் படிந்து, உடம்பு தாழ்ந்து வந்தது. "ஓடு தங்கச்சி!" என்று கத்தினேன். அவள் தொட்டியைச் சுற்றி ஓடிச் சுவரில் ஏறினாள். நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டி இழுத்துப் போட்டேன். துப்பட்டா மட்டும் நாயின் வாயில் போனது. அவள் செல்போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது.

மூச்சு வாங்கி முடிந்ததும் கேட்டேன். "தெரிஞ்ச நாய்னு சொன்னீகளே?"

"முந்தாநாள் வந்தப்போ கட்டிப் போட்டிருந்தாங்கண்ணே. பேரு மணின்னு இந்தத் தோப்பு அக்காதான் சொன்னாங்க."

"நாய் பேரு உங்களுக்கு எதுக்கு?"

அந்தச் சூட்டில் காலை மாற்றிக்கொண்டே அவள் சொன்ன கதை இது. வெளியூரில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடம் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரிடம் இன்டர்ன்ஷிப். ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டில் தங்கி, ராஜபாளையம் வரைக்கும் தோப்பு தோப்பாகப் போய், மனிதர்கள் தங்கள் நாய்களுக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று கேட்டுச் சேர்க்கிறாள். நாய்ப் பெயரிலிருந்து ஊரின் காலத்தையே சொல்லலாமாம்.

"இதுக்கெல்லாம் படிப்பு இருக்கா?"

"எங்க அப்பாவும் இதையேதான் கேட்டாரு. கூடப் படிக்கிறவங்க எல்லாம் இன்டர்ன்ஷிப்புக்கு பேங்க், கம்பெனின்னு போனாங்க. இதை ஒழுங்கா முடிச்சாத்தான் மேல இதையே படிக்க விடுவேன்னிருக்காரு. அடுத்த வாரம் எல்லாருக்கும் முன்னால பேசணும்."

"என்ன பேசப் போறீக?"

கொஞ்சம் தயங்கினாள். "எங்க போனாலும் மணி, டைகர், ராமு... இதேதான் வருது. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் பேர் வைக்கிறதுல அக்கறை இல்லைன்னு எழுதி வச்சிருக்கேன்."

அந்த நேரத்தில் ஒரு டி.வி.எஸ். வண்டி உள்ளே வந்தது. நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், முன்னால் தூக்குச்சட்டி. தோப்புக்காரரின் மனைவி. எங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். நாய் துப்பட்டாவைப் போட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் படுத்தது. பிறகு அதைத் தெலுங்கில் நாலு அதட்டு அதட்டினார். தோப்புக்காரர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

அவர் சொன்ன அந்த ஒரு சொல் மணி இல்லை.

இறங்கும்போதே அவள் கேட்டாள். "அக்கா, நீங்க மணின்னுதானே சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். ஏட்டி, மாங்கா சீசன்ல நாய் பேர ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் பொறவு நாய் எதுக்கு? களவாங்க வாரவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா இது வால ஆட்டிக்கிட்டு மரத்தக் காட்டிக் குடுக்கும்."

"எல்லாத் தோப்புலயும் இப்படியா?"

"தோப்பு வச்சிருக்க அம்புட்டுப் பேரும் இப்படித்தான். வெளியாளுக்கு ஒரு பேரு, வீட்டுக்கு ஒரு பேரு."

அவள் முகம் செத்துப்போனது. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாத அலைச்சல், சேர்த்தது அத்தனையும் பொய்ப் பெயர். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். என்னைப் போன்றவனுக்கு ஒரு மாதம் வீணாவது பெரிதில்லை. அவள் அப்படி வளர்ந்தவள் இல்லை.

அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து மோரை ஊற்றி அவளிடம் நீட்டினார். "குடி. பேரு தெரியலன்னா என்ன, குடியா முழுகிரும்?"

அவள் குடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். திடீரென்று கேட்டாள். "அக்கா, வெளியாளுக்குச் சொல்ற பேரு யாரு முடிவு பண்றது? அடுத்த தோப்புக்காரங்களுக்காவது உண்மைப் பேரு தெரியுமா? மருமக வந்தா எப்போ சொல்லுவீங்க?"

அக்கா சிரித்தார். "மருமகளா? கல்யாணமாகி வந்து ஒரு சீசன் பூரா, அப்ப இருந்த நாய எங்கிட்டயும் மணின்னுதான் சொன்னாக. எங்க மாமியா பொல்லாதவ. மறு சீசன்லதான் என்னயச் சோறு வைக்கச் சொல்லி, காதுல பேரச் சொன்னா. அன்னைக்குத்தான் நான் இந்த வீட்டுக்காரின்னு எனக்கே பட்டுச்சு."

அவள் ஓடிப் போய் ஸ்கூட்டரிலிருந்து செல்போனை எடுத்து வந்தாள். அக்காவிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்தாள். பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டு, மரங்களுக்கு நடுவே போயும் வந்தும் பேசினாள். போனபோது தலை குனிந்திருந்தது. வந்தபோது ஓட்டமாக வந்தாள்.

"திட்டலக்கா! எல்லாத் தோப்புக்கும் திரும்பப் போகச் சொல்றாங்க. பேரைக் கேக்க வேண்டாமாம், ஏன் மறைக்கிறீங்கன்னு மட்டும் கேட்டா போதுமாம்."

"கேளு. ஆனா தாயி, இன்னைக்குக் காதுல விழுந்ததை மட்டும் எழுதிராத."

"எழுதவே மாட்டேன்கா. எனக்கும் இது மணிதான்."

கிழிந்த துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அவள் கிளம்பிப் போன வேகத்தைப் பார்த்தபோது, என் நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு பாரமும் இறங்கியது. யாரோ ஒரு பெண்ணின் படிப்புக்காக நான் எதற்கு இவ்வளவு பயந்தேன் என்று தெரியவில்லை.

பையைப் பொறுக்கிக்கொண்டு நானும் புறப்பட்டேன். அக்கா விடவில்லை.

"நில்லுப்பா. எங்க போற?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. வேலை தேடி."

"நீயும் பேரக் கேட்டுட்டேல்லா? அந்தப் பிள்ள படிக்கிற பிள்ள, போகட்டும். உன்னய வெளிய விட்டா எனக்குத் தூக்கம் வராது. மாமரம் ஏறுவியா?"

"ஏறுவேன்."

"மோட்டார் ரூமுக்கு மேல ஏறுன வேகத்தப் பாத்தாலே தெரியுது. ராத்திரி இங்கன படு. காலைல எங்க வீட்டுக்காரரு வந்து வேலையச் சொல்லுவாரு."

மறுநாள் காலை அவர் வந்தார். முதலில் என் கையில் கொடுத்தது மாங்காய் பறிக்கும் தொரட்டிக் கம்பு இல்லை, நாய்க்கான சோற்றுச் சட்டி. "கூப்பிட்டு வையி" என்றார். வேலை பார்த்த எந்த ஊரிலும் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்", "புது ஆளு", அவ்வளவுதான். அங்கேயும் அதுவரை என் பெயரை யாரும் கேட்கவில்லை. ஆனால் என்னை நம்பி ஒரு பெயர் இருந்தது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். வெள்ளை நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அந்த சீசன் முடியும்வரை தோப்புக் காவல் வேலை என்னுடையதாக இருந்தது. அதன் பெயர் என்ன என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்டால், மணி என்றுதான் சொல்வேன்.