அத்தையோடு லிஃப்டில் வந்தவள்

எனக்குப் பத்து வயது நடந்தபோது, வீட்டில் பெரியவர்கள் யாராலும் முடியாத ஒரு காரியத்தை ஒரே ஒரு பொய்யில் முடித்துக் கொடுத்தேன். அம்மா அதற்காக எனக்குப் புதுப் பென்சில் டப்பா வாங்கித் தந்தாள்.

காரியம் இதுதான். ஞாபகம் தப்பிய பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று, திலக் நகரில் எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்திவந்தார். காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிவரலாம். பாட்டு, கேரம், டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. அத்தையை அங்கே போகவைக்க வேண்டும்.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பது வருடம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, ஓய்வுபெற்றபின் எங்களோடு வந்து இருந்தாள். முதலில் அவளிடமிருந்து சொற்கள் போயின. பிறகு வழிகள். ஒருநாள் கேஸைத் திறந்துவிட்டு, தீப்பெட்டி வாங்கக் கீழே போனவளை மார்க்கெட்டில் கண்டுபிடித்தோம்.

அம்மா தினமும் கெஞ்சினாள். "மதினி, ஒருநா போய்ப் பாத்துட்டு வாங்களேன். புடிக்கலன்னா வேண்டாம்."

"நான் எதுக்குப் போவணும்? எனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?" என்று அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொள்வாள்.

அம்மாவுக்கு லீவு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு திங்கட்கிழமை அத்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் போனோம். மதியம் நான் பள்ளி விட்டு வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு கதவருகே போனேன். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று அத்தையின் குரல். மற்றதும் அத்தையின் குரல்தான், ஆனால் தணிந்து, கூச்சப்பட்டு, புது வீட்டுக்கு விருந்து வந்தவள் பேசுவதுபோல. சாவியைப் பூட்டில் போட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அத்தை பீரோக் கண்ணாடியின் முன்னால், முழங்கால் கண்ணாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை ஒட்டித் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தாள்.

"சத்தம் போடாதட்டி, ஆள் வந்திருக்கு" என்றாள்.

மறுநாள் காலை, பால் வாங்கப் போவதாகச் சொல்லி அம்மா அவளை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். பழைய கம்பிக் கதவு லிஃப்ட். உள்ளே பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. அத்தை கண்ணாடியைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று, டிக்கெட் வாங்க வந்தவர்களிடம் கேட்கும் அதே குரலில், எங்கே போகணும் என்று இந்தியில் கேட்டாள்.

"கஹான் ஜானா ஹை?"

கண்ணாடிக்குள் இருந்தவள் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். "அவங்க நர்ஸம்மா வீட்டுக்குப் போறாங்களாம், அத்த. தனியாப் போகப் பயமா இருக்காம்."

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியாம்மா?" என்று தலையை ஆட்டினாள். உள்ளே இருந்தவளும் ஆட்டினாள்.

"அப்ப நான் வாரேன். பயப்படாதீய."

அன்று போனவள்தான், பிறகு ஒருநாள்கூட மறுக்கவில்லை. நர்ஸம்மா வீட்டில் கண்ணாடிகளை எல்லாம் கழற்றியிருந்தார்கள். வாஷ்பேசினுக்கு மேலே சுவரில் வெளுத்த ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அத்தை தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடுவதில்லை, பிஸ்கட்டில் பாதியை அதன்மேல் வைக்கிறாள் என்று நர்ஸம்மா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பொய்யை அத்தையைவிடக் கண்ணாடிக்காரி நன்றாக நம்பிவிட்டாள் என்று தோன்றியது. தனியாக லிஃப்டில் போகும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பேன். யாரோ கிளம்பித் தயாராகி, என் பின்னால் காத்திருப்பதுபோல் இருக்கும். பிறகு படியிலேயே ஏறி இறங்கினேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மாலை. அம்மா கேட்டருகே காய் வாங்கிக்கொண்டிருந்தாள். என்னை அத்தையோடு மேலே போகச் சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். அத்தை கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடியை. என் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"அங்க நிக்கது என் தம்பி மவ. நீ யாரு?"

"நான்தான் அத்த."

"நீ இல்ல. அவ."

நான் கையைத் தூக்கினேன். உள்ளே அந்தப் பெண்ணும் தூக்கினாள். அத்தையின் முகம் மலர்ந்தது, அவளுக்காக. நான் வெளியே பாய்ந்து, கம்பிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் படியில் ஓடினேன். மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். லிஃப்ட் கிளம்பிவிட்டது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். கம்பிகளுக்கு அப்பால் அத்தை என்னைக் கடந்து மேலே போனாள். எனக்கு முதுகைக் காட்டி, விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வெளிய வாட்டி... உள்ள எப்படிட்டி போன? ஸ்கூல் விட்டா நேரா வீட்டுக்கு வரணும்னு சொன்னேம்லா..." நடுநடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாம் மாடி, நான்காம் மாடி என்று குரல் மேலே மேலே போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் மாடிக்காரர்கள் அவளைக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். அதன்பிறகும் இரண்டு வருடம் அத்தை நர்ஸம்மா வீட்டுக்குச் சந்தோஷமாகப் போய்வந்தாள். என் பெயரை மட்டும் ஒருபோதும் சொல்லவில்லை.

அன்று அவள் கண்ணாடிக்குள் இருந்த அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, இருட்டிவந்த படியில் கோபத்தோடு நின்றிருந்தேன். கூப்பிட்டது என் பெயரை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.