ஒட்டிக்கொண்ட முன்வரிசை

தெருவில் எல்லோரும் அவரைக் ‘கோச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்தவரில்லை. வேலை பேக்கரியில், அடுப்படியில். ஆனால் தேசிய அணி விளையாடுகிறது என்றால் போதும், பன் வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்துவிடுவார்.

“பின்னாடி நாலு பேர், நடுவுல மூணு, முன்னாடி மூணு. அந்த மூணு பேரும் கோல் வாசல்ல தோளோட தோள் உரசி நிக்கணும். கோல் நடுவுலதானே இருக்கு? அப்புறம் எதுக்குய்யா ஓரத்துக்கு ஓடுறீங்க?”

இந்த ஒரு கேள்விதான் குடும்பத்தில் குண்டு வைத்தது.

அவருடைய மாப்பிள்ளை பஸ் டிரைவர். அதிர்ந்து பேசாதவர். போன ஆட்டத்தன்று மாமனார் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டீயை ஊதியபடி, “ரெண்டு பேராவது கோட்டோரம் விரிஞ்சு நிக்கணும் மாமா. அப்பதான் எதிராளிங்களும் விரிவாங்க, நடுவுல வழி கிடைக்கும்” என்றார்.

கோச்சுக்குச் சுர்ரென்று ஏறியது. “பஸ் ஓட்டுறவருக்கு ரோட்டோரத்தைத் தவிர வேற என்ன தெரியும்!”

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளை பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். அதன்பிறகு மகளை பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார், உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்த வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் மாமனாரின் நெஞ்சு பட்ட பாட்டை யாரிடம் சொல்வது!

இன்று மறுபடியும் ஆட்டம். மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: “என்னைக் கொண்டுவந்து விட அவர்தான் வருவார். உள்ள கூப்பிடுறது உங்க பொறுப்புப்பா. யார் எங்க நிக்கணும்கிற அந்த ஃபார்மேஷன் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க.”

எடுக்காமல் இருக்க முடியுமா அவரால்? மத்தியானம் கடைசி ட்ரேயில் மாவு உருண்டைகளை வைக்கும்போது கை தானாக நாலு, மூணு, மூணு என்று அணியை நிறுத்தியது. மாப்பிள்ளையிடம் காட்டி வாதத்தை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்ற நப்பாசை. முன்வரிசை மூவரையும் விரல் நுழையாதபடி நெருக்கிவைத்தார். அடுப்பில் மாவு உப்பும் என்பது, காலமெல்லாம் பன் போட்ட அந்த மனிதருக்கு அந்த நிமிஷம் மறந்தே போனது.

ட்ரே வெளியே வந்ததும் மாவு பிசைபவர் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணே, உங்க ஆளுங்க மூணு பேரும் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இதுல பந்தை யாருண்ணே உதைக்கிறது?”

மூன்றும் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தன. உரசிய பக்கங்கள் வெளுத்துக் கிடந்தன. விலக்கிவைத்த பின்வரிசைக்காரர்களோ சுற்றிலும் சிவந்து ஜம்மென்று இருந்தார்கள். போன ஆட்டத்தில் நம் முன்வரிசை ஒருவர் காலை ஒருவர் இடறி விழுந்தது அவர் கண்முன் வந்தது. கண்ணும் கலங்கியது. அடுப்புச் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் பைக் சத்தம் கேட்டதும், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ட்ரேயோடு வாசலுக்கு ஓடினார். மகள் இறங்கிவிட்டாள். மாப்பிள்ளை இன்ஜினை அணைக்கவில்லை.

“மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் பார்த்தார். புருவம் மெல்ல உயர்ந்தது. “நம்ம டீமா மாமா?”

“நம்ம டீம்தான். உங்க பேச்சைக் கேக்காத டீம். நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்கு நான் பேசினது…” முடிக்காமலே ட்ரேயை அவர் பக்கம் நீட்டினார்.

இன்ஜின் நின்றது.

சோபாவில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை முதல் வேலையாக ஒட்டிய மூவரையும் பிரித்து, இருவரை ட்ரேயின் இரு ஓரங்களுக்கும் அனுப்பினார். “இப்போ இவரைப் பிடிக்க அவங்க பின்வரிசை ஆள் இங்க வந்தாகணும். அந்தச் சந்துல நம்ம நடு ஆள் நுழைஞ்சிடலாம்.”

“சரி, பந்து பறிபோச்சுன்னா? பின்னாடி காலியாயிடாதா?”

“அதுக்குத்தான் நடுவுல ஒருத்தர் ஏறாமலே நிக்கணும் மாமா. அதோட நம்ம கோல்கீப்பர்… அவர் எங்க?”

டீயோடு வந்த மாமியாரின் கன்னம் உப்பியிருந்தது. “சும்மாதானே நின்னுட்டிருந்தாரு!”

வீடே சிரித்ததில், டிவியில் ஆட்டம் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. கோச்சின் பார்வை மட்டும் மாப்பிள்ளையின் கோப்பையைவிட்டு நகரவில்லை. அது மெல்ல மெல்லக் காலியானது.

“அத்தை,” என்று கோப்பையை நீட்டினார் மாப்பிள்ளை, “இன்னொரு டீ கிடைக்குமா?”