மாலை போடாத படம்

எங்கள் ஊரை வரைந்த படங்களில் எங்கள் ஊர் ஆளே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

கடலூர் ஓல்டு டவுனில், எங்கள் மாதா கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. திருவிழா சமயத்தில் அங்கே ஊரின் பழைய படங்களை, முக்கியமாக ஆறுகளின் படங்களை மாட்டிக் கண்காட்சி வைக்கலாம் என்று தெருவில் நாலைந்து பேர் கூடி முடிவு செய்தோம். தலைமை, ரிட்டயர்டு வாத்தியாரான எங்கள் மாமா. அவர் நெட்டில் தேடி, இங்கிலீஷ்காரன் காலத்துப் படங்களைப் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். கெடிலக் கரையில் கோட்டை, சந்தை கூடும் தெரு, உப்பனாற்றில் பாய்மரக் கப்பல். தன் நாட்டுச் சந்தை ஊர் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டே வரைந்திருப்பான் போலிருக்கிறது. வெயில் இல்லை, சேறு இல்லை, ஆறு இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. மனுஷர்கள் என்று பார்த்தால் கரையோரம் ரெண்டு கறுப்புப் புள்ளி.

"மாமா, இதுல நம்மாளுங்க எங்க?"

"தோ, நிக்கறாங்க பாரு."

"இது ஆளா? பேனாவுல மை கொட்டியிருக்கு."

"அந்தக் காலத்துல நம்ம கையில கேமராவா இருந்துச்சு? இருக்கறதத்தான மாட்ட முடியும்."

"கேமரா வந்தப்புறம் எடுத்தது இருக்கும்ல? ஆறும் ஆளும் சேர்ந்து இருக்கற படம் ஒண்ணாவது கொண்டாறேன். இல்லன்னா நான் இந்த மண்டபத்துப் பக்கமே வரல, போங்க!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். தேடும்போதுதான் தெரிந்தது, அது எவ்வளவு பெரிய வம்பு என்று. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவது என் வேலை. லீவு நாளில்தான் வீடு வீடாக ஏற முடியும். போன இடத்திலெல்லாம் காப்பி கிடைத்தது, ஆல்பம் கிடைத்தது, ஆறு கிடைக்கவில்லை. பிள்ளைகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம், கல்யாணப் படம், சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தபந்தம் நிற்கும் படம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஸ்டுடியோ திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா. வாசலைத் திறந்தால் தெரிகிற உப்பனாற்றுக்கு முதுகைக் காட்டிவிட்டு, பஸ் ஏறிப் போய்த் திரைக்கு முன்னால் நின்றிருக்கிறோம். என்ன ஜனங்கள் நாம்!

கடைசியில் படம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்கா ஒருவர் உண்டு. சங்கரா மீனை அரிந்துகொண்டே என் புலம்பலைக் கேட்டவர், "என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா தர்றதா வேணாமான்னு யோசிக்கணும்" என்றார். மறுநாள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக் கொண்டுவந்தார்.

கெடிலம் கடலில் கலக்கிற முகத்துவாரம். ஒரு பக்கம் வெள்ளை மணல் மேடு, நடுவில் கலங்கல் தண்ணீர், அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டுமரங்கள். முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஒருவர் நிற்கிறார். அக்காவின் புருஷன். சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் யாரோ எடுத்தது. சுனாமியில் அக்காவின் வீட்டில் ஒரு சொம்புகூட மிஞ்சவில்லை. இந்தப் படம் பரங்கிப்பேட்டையில் தங்கச்சி வீட்டில் இருந்ததால் தப்பித்தது.

அந்த மனுஷர் சுனாமிக்குத் தப்பித்துவிட்டார். சில வருஷம் கழித்து, கடலுக்குப் போன படகு காற்றில் கவிழ்ந்தது. கூடப் போனவர்களை வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்தது. அவரை மட்டும் காணவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. மாமியார் வீட்டில் காரியம் செய்துவிடலாம் என்று சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "உடம்பக் காட்டுங்க, தாலியக் கழட்டறேன்" என்று நடு வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். இன்றுவரை தாலி இருக்கிறது, நெற்றியில் பெரிய பொட்டு இருக்கிறது. பூ மட்டும் இல்லை. பூவை அவராக விடவில்லை, ஊர்தான் நிறுத்தியது. கல்யாணம், வளைகாப்பு என்று போனால், பூத்தட்டு அவரிடம் வரும்போது அடுத்தவரிடம் தாவிவிடும். கடையில் வாங்கி வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம்? "ஊருக்காரங்க எங்கிட்டருந்து எடுத்த பூவ நானா வாங்கி வச்சிக்கிட்டா, ஒளிச்சி வச்சிக்கிட்ட மாரி இருக்கும்" என்பார். தட்டு தாண்டிப் போவதை நானே ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"தர்றேன். ஆனா ஒண்ணு" என்றார் அக்கா. "இதுக்குப் பூ போடக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது. கீழ வெளக்கு எரியக் கூடாது. நாலு பேரு பாக்கற எடத்துல அந்தாள நீங்க சாகடிச்சிடாதீங்க. புரியுதா?"

"சத்தியமாக்கா."

"உங்க மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அது அக்காவுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள வழக்கு. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

படத்தைப் பெரிதாக்க, சிதம்பரம் கீழ வீதியில் என் கடைக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் போனால், ஸ்டுடியோக்காரர் சிரித்த முகமாக எடுத்து நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு இல்லை, மணல் இல்லை, கட்டுமரம் இல்லை. பளீரென்று நீலம். லுங்கிக்குப் பதில் கோட்டு சூட்டு. கழுத்தில் கம்ப்யூட்டர் ரோஜா மாலை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே இரண்டு குத்துவிளக்கு. அதற்கும் கீழே தோற்றம், மறைவு என்று எழுதி இடம் விட்டிருந்தார்.

"தேதி மட்டும் சொல்லுங்க மேடம், போட்டுர்றேன்."

"யாருய்யா உங்கள இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

"பழைய போட்டோவ பெருசு பண்ண வர்றவங்க வேற எதுக்கு மேடம் வருவாங்க? மாலைக்கு நான் தனியா சார்ஜ் கூட போடல."

அந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை. ஊரில் எல்லாரும் அதற்குத்தானே போகிறோம். ஆனால் நான் நகரவில்லை. கண் முன்னால் மறுபடி ஸ்கேன் பண்ண வைத்தேன். "சேத்தக் கூட எடுக்காதீங்க. ஒரு புள்ளி கொறையக் கூடாது" என்று சொல்லி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஆறு பெரிதாகத் திறந்தபோது அவரே வாயைப் பிளந்தார். "இது நம்ம தேவனாம்பட்டினமா மேடம்? இவ்ளோ மணலா இருந்துச்சு?" என்றார். பிரின்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலம் வரும்போதுதான் எனக்கு மூச்சே சீரானது.

படத்தை மாமாவிடம் கொடுத்து, மாட்டும்போது இதற்குப் பூ கூடாது என்று சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். மைக்செட்காரனோடு போனில் பேசிக்கொண்டே சொன்ன சரிம்மா அது. திறப்பு விழா அன்று கடையில் முகூர்த்தக் கூட்டம் ஜாஸ்தி. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மல்லிகை வாசனை முகத்தில் அடித்தது. எல்லாப் படத்துக்கும் பூ. கோட்டைக்கு ஒரு சரம், சந்தைத் தெருவுக்கு ஒரு சரம், பாய்மரக் கப்பலுக்கும் ஒரு சரம். கடைசியாக, வாசலைப் பார்த்த சுவரில், அக்கா புருஷனுக்கும் ஒரு சரம்.

அந்தப் படத்துக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, வியாபாரம் முடிந்த கையோடு நேராக வந்திருக்கிறார். சுற்றிலும் எங்கள் தெருப் பெண்கள். எப்போது போய்ச் சேர்ந்தார் என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளைக் கிசுகிசுத்துக் கேட்டது எனக்கே கேட்டது.

"மாமா! உங்களுக்கு எத்தன தடவ சொன்னேன்!" என்று கத்தினேன்.

"பழைய படம்னா பூ போடாம மொட்டையாவா மாட்டுவாங்க?" என்று ஆரம்பித்த மாமா, அக்காவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். அவருக்கு முகம் செத்துவிட்டது.

சரத்தைப் பிடுங்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். மீன் அரிந்து காய்த்துப்போன கை, சும்மா சொல்லக் கூடாது, இரும்புப் பிடி.

"நீ வுடு" என்றார்.

நுனிக்காலில் எக்கி, ஆணியிலிருந்து சரத்தை அவரே கழற்றினார்.

"ஐயையோ, அத எடுக்காதம்மா" என்று ஒரு பெண் பதறினாள். "செத்தவங்களுக்குப் போட்டத கையில எடுக்கக் கூடாது."

அக்கா திரும்பினார். "யாரு செத்தது?" என்று கேட்டார்.

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கொஞ்ச நேரம் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். ஆறு, மணல், கட்டுமரம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற அவர் ஆள்.

சரத்தில் ஒரு முழம் அளந்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். மீதியை மாமா கையில் கொடுத்தார். "என் புருஷனுக்குன்னு ஊரே சேர்ந்து குடுத்த பூ இது" என்றார். "நான் வச்சிக்காம வேற யாரு வச்சிக்குவா?"

யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. அக்கா கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, என் பக்கம் தலையைக் குனிந்து நின்றார். எனக்குக் கண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை. என் கொண்டையிலிருந்து ஒரு பின்னை உருவி, தடவித் தடவிப் பூவைச் செருகினேன்.

"கீழ வைக்காத" என்றார் அக்கா. "இன்னும் மேல. எல்லாருக்கும் தெரியற மாரி குத்து."